யாரும் குறுக்கே வராத சத்தம்

ஓசையே எழாத மின்பைக்குகளுக்கு ஸ்பீக்கர் கட்டாயமாகிவிட்டது. வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் ஜெசிந்தா, கடையிலிருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மழைத்தண்ணீர் வாளிக்குள் முக்கிப் பார்த்தாள். ஒன்று மட்டும் தண்ணீருக்குள்ளிருந்தும் அலறியது.

“இதுதான் பாய், இதுதான்! இதுல என்னென்ன சத்தம் இருக்கு?”

“புலி இருக்கு, ரயில் இருக்கு, லாரி இருக்கும்மா.”

“லாரியே வைங்க. ஒருத்தனும் குறுக்க வரக்கூடாது!”

கொட்டுகிற மழையில், லாரியாகவே உறுமிக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் தன் தெருவுக்குள் திரும்பினாள். கதவுகள் படபடவென்று திறந்தன.

“தண்ணி லாரி வந்துடுச்சு!”

ஆலைப்புகை கலந்து வாயில் வைக்க முடியாத அந்த மழையில் நனைந்தபடி, தெருவே குடங்களோடு ஓடிவந்து அவளை மறித்தது. எல்லோருக்கும் முன்னால், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, அவள் புருஷன்.