இடக்கை மௌஸ்

எக்ஸ்ரே நிலையத்து மென்பொருள், படங்களையும் செட்டிங்ஸையும் ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டி வைத்திருந்தது. அதை எழுதிய புரோகிராமரே வந்து இரண்டையும் பிரித்தார். படம் நோயாளியின் பெயருள்ள ஃபோல்டருக்கு. செட்டிங்ஸ், கணினியில் உட்காருபவரின் பெயருள்ள ஃபோல்டருக்கு.

"இத யார் யார் உபயோகிக்கிறீங்க?"

"நானும் எங்க அக்காவும்தான் சார், வேற யாரு?" என்றார் டெக்னீஷியன். "போறப்ப அந்த இரும்புக் கதவுல கை பத்திரம். ஆளப் பாத்துக் கடிக்கும்."

செட்டிங்ஸில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. மூன்றாவதில் புரோகிராமரின் பெயர். திறந்தார். மௌஸ் இடக்கைக்கு என்றிருந்தது. அவருக்கோ இடக்கையால் ஒரு கோடு இழுக்கக்கூட வராது.

படங்களில் தேடினார். அங்கேயும் அவர் பெயர். உள்ளே ஒரே படம். வலக்கை. நான்கு விரல்களும் நொறுங்கியிருந்தன. தேதி இன்றையது. நேரம், இன்னும் இருபது நிமிடம் கழித்து.

"என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு படத்த அழிக்கணும்."

வலக்கையைப் பேண்ட் பைக்குள் ஆழத் திணித்துக்கொண்டு, மௌஸை இடப்பக்கம் நகர்த்தினார். பொத்தான்கள் ஏற்கெனவே அந்தக் கைக்குத் தோதாக மாற்றி வைக்கப்பட்டிருந்தன.