மூன்றாம் பாட்டின் சரணம்

ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் ஜன்னல் வழியே டிவிடி பிளேயரின் மேல் விழுந்துகிடக்கிறது. மகள் நந்தினி செருகிவைத்த பென் டிரைவிலிருந்து பழைய பாட்டுகள் ஒரு கரகரப்பும் இல்லாமல் வருகின்றன. தேவகி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். மூன்றாம் பாட்டின் சரணம் எங்கும் சிக்காமல் ஓடி முடிந்துவிடுகிறது. "எல்லாத்தையும் புதுசா ஏத்திட்டேம்மா. இனிமே அந்தக் கீறல் சிடியோட பேஜாரே இல்ல, தூக்கிப் போட்டுடு" என்றபடி நந்தினி சமையலறைக்குள் போகிறாள். "இருக்கட்டும்டி" என்கிறாள் தேவகி, தனக்கே கேட்காத குரலில். கீறல் விழவைத்தவர் அவள் கணவர் கன்னியப்பன்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் பாலிஷ் போட்ட கை, சிடியையும் மெத்தென்ற தோல் துண்டால் வட்ட வட்டமாகத் தேய்த்துப் பளபளக்க வைத்தது. அன்றிலிருந்து அந்தச் சரணத்தில் ஒரு வரி வராது. வராத வரியை அவரே பாடுவார், கடைசி எழுத்தை வேண்டுமென்றே நீளமாக இழுத்து. அவர் இறந்து எட்டு மாதமாகிறது. இந்தச் சுத்தமான பாட்டில் அவர் நுழைய இடமே இல்லை. தேவகி பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு சிடியை எடுக்கிறாள். சுவரில் வானவில் துணுக்கு ஒன்று நடுங்கி மறைகிறது. மூன்றாம் பாட்டுக்குத் தள்ளுகிறாள். சரணம் வருகிறது, விக்குகிறது, நின்றுவிடுகிறது. அடுப்படியில், கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலேயே, நந்தினி அந்த வரியைப் பாடுகிறாள், கடைசி எழுத்தை நீளமாக இழுத்து.