மகளிர் இருக்கையில் ஒருவன்

பின்படியில் அவன் குரல் கேட்டதும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

போன நிறுத்தத்தில்தான் ஏறியிருந்தாள். பைக்கில் துரத்தி வந்து, பஸ்ஸை மறித்து ஏறிவிட்டான்.

தப்பித்துவிட்டோம் என்று நினைத்ததுதான் தப்பு.

காலை நேரத்து டவுன் பஸ். இடப்பக்கம் முழுக்கப் பெண்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மடியில் சாப்பாட்டுப் பை. வலப்பக்கம் ஆண்கள். நடுவில் யாரும் போடாத கோடு ஒன்று உண்டு. அதை யாரும் தாண்டுவதில்லை.

அவன் தாண்டி வந்தான். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் முன்னால் நின்றான்.

"ஏனுங்க, அது லேடீஸ் சீட்டு" என்றார் கண்டக்டர்.

"என்ற சம்சாரமுங்க."

அவ்வளவுதான். கண்டக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்துப் பெண் சிரித்த முகத்தோடு எழுந்து இடம் விட்டாள். புருஷன் என்ற சொல் இருந்தால் போதும், அந்தக் கோடு தானாக அழிந்துவிடும்.

உட்கார்ந்தான்.

முந்தானைக்கு அடியில் அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தான்.

"ஊட்டுக்கு வா. உன்னக் கொன்னுபோட்டுத்தான் மறுவேலை."

சிரித்துக்கொண்டே, காதோடு சொன்னான். சொன்னால் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். விரலைப் பின்னால் வளைத்தான். வளைத்துக்கொண்டே போனான்.

சடக்கென்றது.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

எதிர்வரிசைப் பெரியவர் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி நெருங்கி உட்கார்ந்திருப்பதை வெறிக்கக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிக்கிறான் என்று கத்தலாம். கத்திப் பார்த்தவள்தான். குடும்பச் சண்டை என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

அடுத்த விரலைப் பிடித்தான்.

அவள் எழுந்து நின்றாள்.

"இந்தாளு ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. கையப் புடிச்சு முறிக்கறான்."

பஸ் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டது.

முதல் அடி, இடம் விட்டுக் கொடுத்த பெண்ணுடையது. பைக்குள் எவர்சில்வர் டிபன் கேரியர் இருந்தது. அவன் நெற்றி பிளந்தது.

வலப்பக்கம் மொத்தமும் இடப்பக்கம் வந்தது. ஒருவர் முடியைப் பிடித்து இழுத்தார். ஒருவர் வயிற்றில் உதைத்தார். எட்டாதவர்கள் செருப்பைக் கழற்றி முன்னால் கொடுத்தார்கள். நாகரிகம் தெரிந்த பெரியவரும் ஒரு கை பார்த்தார்.

"என்ற பொண்டாட்டிடா!"

"மாட்டுனா அல்லாரும் இதத்தான்டா சொல்றீங்க!"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை.

அவன் சட்டைப் பை கிழிந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் கயிறு விழுந்தது. விடியற்காலையில், விற்றுக் குடிப்பதற்காக அவள் கழுத்திலிருந்து அவன் அறுத்த தாலி.

எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"தாலியவே அறுத்திருக்கான் பாவி!"

அதுவரை அடித்ததெல்லாம் ஒரு அடியே இல்லை. தலையைப் பிடித்து இரும்புக் கம்பியில் மோதினார்கள். பல் தெறித்தது. இத்தனை வருஷம் அவள் பயந்த முகம், யாருடையது என்று தெரியாத மாதிரி ஆனது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூசினாலும் அதுதான் உண்மை.

படிவரை இழுத்துப் போட்டார்கள். அங்கே கிடந்தவன் அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். குடித்துவிட்டு விழும்போதெல்லாம், தூக்கிவிடச் சொல்லி நீட்டும் கை.

அவள் அசையவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். அவனைத் தூக்கி ரோட்டோரம் போட்டார்கள். பஸ் கிளம்பியது.

ஆண்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி கர்ச்சீப்பைக் கிழித்து விரலைக் கட்டினாள். ஒருத்தி தாலியைத் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

டிபன் கேரியர்காரி செல்போனைக் கையில் எடுத்தாள்.

"தனியாப் போவாத கண்ணு. உங்க ஊட்டுக்காரரு நம்பரச் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

அவள் சொன்னாள். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னாள்.