லட்சம் தடவை

"ரயில் படியில தொங்காதீங்கன்னு லட்சம் தடவை சொல்லியாச்சு," என்றாள் மனைவி, கணக்கு வாத்தியாரின் சிராய்த்த முட்டியில் மருந்து தடவிக்கொண்டே.

வாத்தியாருக்கு முட்டியைவிடத் தப்புக் கணக்குதான் வலித்தது.

"லட்சம்னா அஞ்சு சைபர் தெரியுமா? கல்யாணமாகி அஞ்சு வருஷம். தினம் அம்பத்தஞ்சு தடவை சொன்னாத்தான் லட்சம் வரும். சும்மா அளக்காதே."

"சரி, நீங்க படிச்சவரு. எப்படியோ போங்க."

மறுநாள் ரயிலில் உள்ளே இடமிருந்தும் வாத்தியார் வீம்புக்குப் படியிலேயே நின்றார். ஸ்டேஷன் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளே, படியில் நின்று பயணம் செய்யாதீர்கள்."

மனைவியின் குரல். கல்யாணமான வருஷம் ரயில்வேக்குப் பேசிப் பதிவு செய்து கொடுத்தது. அன்றிலிருந்து அறுபது ஸ்டேஷனில், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போடுகிறார்கள்.

வாத்தியார் மனக்கணக்குப் போட்டார். கோடியைத் தாண்டியது.

உள்ளே போய் உட்கார்ந்தார்.