வாயைக் கட்டியவர்

"நீ இளைக்கிற வரைக்கும் கிடங்குல வேலை பாரு. வாசல்ல நிக்கிறவங்க பார்க்க லட்சணமா இருக்கணும்" என்றார் துணிக்கடையின் மேலாளர்.

வரவேற்பு மேசையிலிருந்த பருமனான பெண்ணுக்குக் கண் கலங்கியது. "நான் அளவாத்தான் சார் சாப்பிடறேன்."

"பின்ன, காத்தைக் குடிச்சா உடம்பு ஊதுது? கல்லாவுல இருக்கிற அக்காவைப் பாரு! எப்படி இளைச்சிட்டாங்க! ஏம்மா, எப்படி வாயைக் கட்டினீங்க? இவளுக்குச் சொல்லுங்க."

காசாளர் அம்மாள் எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"அட, சாப்பாட்டு அட்டவணையா? எழுதுங்க, எல்லாருக்கும் காப்பி எடுத்துடலாம்."

"இது எழுதற பேனா இல்ல சார், ஊசி. டாக்டர் கொடுத்தது."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வயிறு நிறைஞ்ச சேதி என் மூளைக்குச் சரியாப் போய்ச் சேரல. இன்சுலினும் ஒழுங்கா வேலை செய்யல. மூளையில அந்தச் சேதியை வாங்கற இடத்தை இந்த மருந்து தட்டி எழுப்புது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடுது, அதான் இளைச்சேன்."

"அப்ப நீங்க வாயைக் கட்டவே இல்லையா?"

"கட்டினேனே! பட்டினி கிடந்து மயங்கி விழுந்தேன். அப்பதான் சோம்பேறின்னு என்னைக் கிடங்குக்கு அனுப்பினீங்க. இப்ப வயிறாரச் சாப்பிடறேன், கல்லாவுல உட்கார வச்சுப் பாராட்டறீங்க."

கல்லாச் சாவியை அவர் மேசைமேல் வைத்தார்.

"இவ கிடங்குக்குப் போனா நானும் அங்கேயே போறேன். கல்லாவை நீங்க பாத்துக்கங்க."

பணம் கட்டக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். மேலாளர் வாயைக் கட்டிக்கொண்டு, சாவியை எடுத்து அம்மாளிடமே நீட்டினார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"வாங்க, என்ன பாக்கறீங்க?" என்றாள், அப்போதுதான் உள்ளே நுழைந்தவரிடம்.