ஒரு வாய் கீரை

"இந்தத் தண்ணியில மொளைச்சதை எங்க மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுது. என்னை வாயில வைக்கச் சொல்றியா?"

மணிமேகலை போட்ட சத்தத்தில் கேமராக்காரன் இரண்டடி பின்வாங்கினான்.

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் நின்றிருந்தார்கள். தண்ணீரே கண்ணில் படவில்லை. ஆலைக் கழிவில் பொங்கிய வெள்ளை நுரை, கரையோரப் புங்கமரத்தின் இடுப்பு வரை ஏறி, காற்றில் பிய்ந்து பறந்துகொண்டிருந்தது.

"கோவப்படாதீங்கக்கா" என்றான் ராஜசேகர். சென்னையிலிருந்து குறும்படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னவன். ஆற்றோர மக்களின் உணவு, ஆற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தவை, எல்லாம் ஐந்து நிமிடப் படத்தில். "நீங்க சொல்றது எந்தப் புத்தகத்துலயும் இல்லக்கா."

காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பொன்னாங்கண்ணியை வேரோடு பிடுங்கக் கூடாது, மூன்றாவது கணுவுக்கு மேல் கிள்ள வேண்டும். தண்டில் நத்தை ஒட்டியிருந்தால் தண்ணீர் சுத்தம். நத்தை இறங்கிப் போய்விட்டால் அன்றைக்குக் கீரையும் கிடையாது, மீனும் கிடையாது.

"நத்தை போயி ஆறு வருசமாச்சு, அதையும் எழுதிக்கோ!" என்று எரிந்து விழுந்தாள்.

"எழுதிக்கிட்டேன்க்கா. கடைசியா ஒரே ஒரு ஷாட். கரையில உக்காந்து களியும் கீரையும் ஒரு வாய் சாப்பிடணும்."

"நான் ஆஸ்பத்திரியில கெடக்கறதையும் படம் புடிப்பியா?"

"ஐயோ, இந்தக் கீரை இல்லக்கா! தளிச் சந்தையில வாங்கிக் கடைஞ்சே கொண்டாந்துட்டோம்." டிபன் கேரியரைத் திறந்து காட்டினான்.

"ஆத்துக் கீரைன்னு சந்தைக் கீரையைக் காட்டுவியா? புளுகறதுக்கா இவ்ளோ பெரிய கேமரா?"

"அந்தக் காலத்துல எப்பிடிச் சாப்பிட்டீங்கன்னு காட்டத்தான்க்கா."

மணிமேகலை நுரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்ப இந்த நுரையை எடு. கிட்டக்கப் போயி எடு. வர்ற புதன்கிழமை கிருஷ்ணகிரியில விசாரணை. ஆலையை மூடச் சொல்லி ஊரே மனு குடுத்திருக்கு. மொத கையெழுத்து என்னுது. உன் படத்தை அங்க போட்டுக் காட்டறதா இருந்தா சொல்லு, ஒரு வாய் இல்ல, ஒரு சட்டியே தின்னுட்டுப் போறேன்."

"சத்தியமா அங்க காட்டறோம்க்கா."

கேமரா நுரைப் பக்கம் திரும்பியது. கால் மணி நேரம் அங்கேயே நின்றது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் பாட்டில் தண்ணீரில் கை கழுவினாள்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று, சற்றுத் தள்ளி நுரை ஒதுங்காமல் தண்ணீர் தெரிந்த வளைவாகப் பார்த்து உட்காரவைத்தார்கள். களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்து விழுங்கினாள். நத்தை இருந்த நாட்கள் நினைவுக்கு வர, காலையிலிருந்து கடுகடுத்த முகம் அப்போதுதான் சற்று இளகியது.

"எங்க ஆத்துக் கீரைக்கு ஈடா எது வரும்!"

"அருமைக்கா!" என்றான் ராஜசேகர்.

புதன்கிழமை, விசாரணைக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை என்று மணிமேகலை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் தெளிந்த தண்ணீர். பச்சைக் கரை. அவள் கை, களி, கீரை, இளகிய முகம். எங்க ஆத்துக் கீரைக்கு ஈடா எது வரும்! படம் முடிந்துவிட்டது.

"எங்கடா நுரை?" என்று கத்திக்கொண்டே எழுந்தாள்.

விளக்கு எரிந்தது. முன்வரிசையில் ராஜசேகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்த ஆலையின் வக்கீல், அதிகாரியைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்:

"மனுவில முதல் கையெழுத்துப் போட்டவங்களே ஆத்தங்கரையில உக்காந்து ரசிச்சுச் சாப்பிடறாங்க. இதுக்கு மேல தண்ணி சுத்தம்ங்கறதுக்கு என்ன சாட்சி சார் வேணும்?"