இறால் வால் தொகுதி

"போட்டி இருந்தாதான் சரக்கு நல்லா இருக்கும்" என்று காலையில் வியாபாரிகள் கூட்டத்தில் முழங்கிவிட்டு வந்த விஸ்கான்சின் மாநில செனட்டர் வெண்டல் கிராஸ், வறுத்த சீஸை மென்றபடி தன் தொகுதியின் வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"அந்த டீச்சர் என்னை எதிர்த்து நிக்கறாளாம். தொகுதிக்குள்ள குடியிருக்கறவங்கதானே நிக்க முடியும்? அவ தெருவ வெளிய தள்ளும்மா."

"தள்ளிட்டேன் சார்" என்றாள் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைபடம் போடும் லோர்னா. "நடுநிலையான குழு வரையட்டும்னு வாசல்ல கோஷம் போடறாங்க."

"ஜன்னலைச் சாத்து. கோல்ஃப் கிளப் பக்கம் எல்லாம் நம்ம ஆளுங்க. அதை உள்ள இழு."

இழுத்ததில் தொகுதிக்கு இறால் மாதிரி வால் முளைத்தது.

"ஒரு தொகுதிக்கு உண்டான ஜனத்தொகையைத் தாண்டிடுச்சு சார். ஒரு தெருவை எடுத்தாகணும்."

"எதையாவது எடு. இதையெல்லாமா என்னைக் கேப்ப?"

வரைபடம் சட்டசபையில் நிறைவேறியது. இனி அவர் கட்சி சார்பில் ஒரு பசுமாடு நின்றாலும் ஜெயிக்கும்.

வேட்புமனு கொடுக்கப் போனால், வரிசையில் அவருக்கு முன்னால் லோர்னா நின்றிருந்தாள்.

"நீயுமா, அதுவும் நம்ம கட்சியிலயே? சரி, நின்னு பாரு. போட்டின்னா எனக்குப் பயமில்ல."

"போட்டியே இல்ல சார்" என்றாள் லோர்னா. "அன்னைக்கு எடுத்தது உங்க தெரு."